பிணைக் கையெழுத்து

பயண அனுமதி கொடுக்கிற இயக்கத்தின் பாஸ் கந்தோரில் எனக்குக் கதிரை தரவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்தவனுக்கு என்னிடம் கடைசியாகப் படித்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். வாழ்நாள் முழுவதும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை எழும்பி நிற்கச் சொன்னவள் நான். அன்றைக்கு அவன் இருந்தான், நான் நின்றேன். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்துதான் நின்றேன். என் தம்பி தேவராசா தொப்பியைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் நின்றான். யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றுக்கு அவன் உதைபந்தாட்டப் பயிற்றுனர். அவனுடைய அணியைக் கொழும்புக்கு விளையாட அழைத்திருந்தார்கள். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மாசி மாதம். அரசாங்கத்துக்கும் இயக்கத்துக்கும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த நாட்கள். அதற்கு முன்னர் கல்லூரி வயதுப் பெடியன் ஒருவன் குடாநாட்டை விட்டு வெளியே போவது நடவாத காரியம். இப்போதும் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். வீடு வளவு உள்ள ஒருவர் எல்லாருக்கும் பிணை நிற்க வேண்டும். ஒருவன் திரும்பி வராவிட்டாலும் வீடு அவர்களுக்கு.

தம்பிக்கு வீடு இல்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் போகும். எங்களைப் பெற்ற ஐயா, ஊர்த் தலைமைக்காரராக இருந்த விதானையார் நாகலிங்கம், உடுவிலில் கட்டிய கல்வீட்டை எனக்குச் சீதனமாக எழுதினார். தம்பி கலியாணம் செய்யவில்லை. ஆகையால் அவன் என் வீட்டு மேற்கு அறையில் இருந்தான். கல்லூரி அதிபரோ வேற்றூரார், வாடகைக்கு இருந்தவர். வேறு யாரும் முன்வராதபடியால் வீட்டு உறுதிப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு நான் போனேன். போகாமல் இருந்திருந்தால், விதானையார் வீட்டு மனிதனை நம்பி ஒருவரும் பிணை நிற்கவில்லை என்று ஊர் கதைத்திருக்கும்.

"எல்லாரும் திரும்பி வருவினமோ, அம்மா?" என்று அந்தப் பொடியன் கேட்டான்.

"எங்கடை வீட்டுச் சொல்லை ஆரும் இரண்டாம் தரம் கேட்கிறேல்லை" என்றேன்.

அவன் என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டுப் பேனையை நீட்டினான். நான் என் பேனையால் கையெழுத்து வைத்தேன்.

தம்பி பந்தடிப்பதை ஐயா ஒருநாளும் ஏற்றுக்கொண்டவரல்லர். விதானையாரின் மகன் அரைக்காற்சட்டையோடு குருநகர்க் கடற்கரையில் மீன்பிடிகாரரின் பிள்ளைகளோடு விழுந்து உருளுவதைக் கண்டு வந்து சொன்னவரை அவர் முற்றத்திலிருந்தே திருப்பி அனுப்பினார். அன்று பின்னேரம் தம்பியின் சப்பாத்துகள் கிணற்றுக்குள் போயின. தம்பி வெறுங்காலோடு விளையாடினான். கல்லூரி அணிக்குத் தலைவனானான், பின்னர் கொழும்புக்குப் போய் உடற்பயிற்சி ஆசிரியர் வேலை எடுத்தான். அங்கே ஒரு கல்லூரியில் பயிற்றுனராகப் பல வருடம் இருந்தான். பத்திரிகையில் அவனுடைய அணியின் படம் வந்தால் ஐயா அந்தப் பக்கத்தை மாத்திரம் மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொள்வார். அதைப்பற்றி வாய் திறக்கமாட்டார். எங்கள் வீட்டில் பெருமையைக் காட்டும் வழி அதுதான்.

கொழும்பில் தமிழரை அடித்து எரித்த எண்பத்துமூன்று ஆடியில் அவனைக் கூட்டிவரக் காங்கேசன்துறைக்குப் போனேன். சரக்குக் கப்பலில் அகதிகளை ஏற்றிவந்து இறக்கினார்கள். யாரோ கொடுத்த இரவல் சாரத்தோடு அவன் இறங்கி வந்தான். நடந்ததைப் பல மாதங்கள் கழித்துத்தான் சொன்னான். அந்தத் திங்கட்கிழமை காலை மைதானத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது நகரத்தின் ஒரு பக்கத்தில் புகை எழும்பியிருக்கிறது. வீட்டுக்குப் போனால் பாதுகாப்பு என்று எண்ணி, எல்லாரையும் உடனே போகச் சொல்லியிருக்கிறான். ஒரு தமிழ்ப் பிள்ளை வீடு போய்ச் சேரவில்லை. அகதி முகாமில் அந்தப் பிள்ளையின் தகப்பன் இவனைத் தேடி வந்து, சட்டையைப் பிடிக்கவில்லை, சத்தம் போடவில்லை, "உங்களிட்டை விட்டிட்டுத்தானே போனனான், சேர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே குந்தி இருந்தாராம். கப்பல் ஏறும்வரை அவர் அப்படியே இருந்தாராம்.

அதற்குப் பிறகு தம்பிக்கு ஒரு வழக்கம் வந்தது. இங்கே கல்லூரியில் பயிற்றுனராகச் சேர்ந்த நாள் தொடக்கம், பயிற்சி முடிந்தால் பெடியளைத் தனியே விடமாட்டான். எல்லாரையும் சைக்கிளில் முன்னால் போகவிட்டு, தான் கடைசியாகப் போவான். ஒவ்வொரு வீட்டுப் படலை வாசலிலும் நின்று தாயையோ தகப்பனையோ கூப்பிட்டு, பிள்ளையைக் கண்ணுக்கு முன்னால் ஒப்படைத்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவான். சனம் சிரித்தது. மாஸ்ரர் மாட்டுப் பட்டியைச் சாய்த்துக்கொண்டு வாறார் என்றார்கள். ஒரு தாய், "எங்கடை பெடியனைக் கட்டிவைக்கக் கயிறும் கொண்டந்தனீங்களோ, மாஸ்ரர்?" என்று கேட்டாளாம். அவன் அதையும் சிரிக்காமல் வந்து எனக்குச் சொன்னான். கடைசி வீடு குருநகரில். அதை முடித்துக்கொண்டு உடுவிலுக்கு வர இருட்டிப்போகும். விதானையாரின் மகன் மீன்பிடிகாரரின் படலைகளில் நின்று குரல் கொடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஒப்படைக்கப்பட்டதைத் திருப்பி ஒப்படைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அதனால் தடுக்கவில்லை.

அந்த வருடங்களில் அவனுடைய அணி பல கிண்ணங்களை வென்றது. எண்பத்தேழில் மைதானம் இராணுவ முகாமாயிற்று. கோல் கம்பங்களை விறகுக்கு வெட்டினார்கள். அவன் புத்தூரில் அரிவு வெட்டிய வயல்களில் கமுகந்தடி நட்டுப் பயிற்சி கொடுத்தான். தொண்ணூறுக்குப் பிறகு பொருள்தடையால் பந்து வருவது நின்றது. இருந்த பந்துகளின் பிளாடரைச் சைக்கிள் ரியூப் துண்டால் ஒட்டி ஒட்டி, அவை ஒரு பக்கம் பாரமாகி நேரே உருளாமல் போயின. நேரே உருளாத பந்தில் பழகினவன் எந்தப் பந்தையும் அடிப்பான் என்பான். அவன் முதலில் படிப்பித்தது அடிப்பதையல்ல, விழுவதை. விசிலைக் குறுக்கி ஊதினால் ஆட்டம் நிற்கவேண்டும். நீட்டி ஊதினால் யார் எங்கே நின்றாலும் குப்புற விழுந்து காதைப் பொத்தவேண்டும். சுடவரும் ஹெலிகொப்டரின் இரைச்சல் அவனுக்கு மற்றவர்களைவிட முந்திக் கேட்கும். அந்த நீண்ட விசிலால் எத்தனையோ தரம் பிள்ளைகள் தப்பியிருக்கிறார்கள். பயிற்சியில் அவனிடம் இருந்த நேரத்தில், அவன் கையிலிருந்து ஒரு பிள்ளையும் போகவில்லை.

கொழும்புக்குப் புறப்படுவதற்கு முன் மக்டலீன் என்னிடம் வந்தாள். அந்தக் கடைசிவீட்டுக்காரி. அவளுடைய புருசன் நீக்கிலாப்பிள்ளை கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. மூத்த மகன் இயக்கத்துக்குப் போய் ஒரு படமாகத் திரும்பி வந்தான். மிஞ்சியிருந்தவன் சிமியோன், தம்பியின் கோல்காப்பாளன். தம்பி வீட்டில் இல்லாத நேரம் பார்த்துத்தான் அவள் வந்தாள் என்று நினைக்கிறேன். முன் விறாந்தையில் வாங்குப்பலகை போட்டு இருக்கச் சொன்னேன். வெளியாட்களுக்கென்று தனியாக வைத்திருந்த தகரப் பேணியில் தேத்தண்ணீர் கொடுத்தேன். அவள் ஊர்ச் சங்கதிகளெல்லாம் கதைத்தாள். பிறகு, நீர்கொழும்பில் தன்னுடைய தமையன் இருப்பதாகவும், மருமகனைக் கண்டு எட்டு வருடமென்றும், ஆட்டம் முடிந்த பிறகு பெடியன் அங்கே நின்றுவிட்டு வரட்டுமா என்றும் கேட்டாள். எத்தனை நாள் என்று நான் கேட்டேன். அவள் பேணியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"போற பிள்ளையள் போன மாதிரி வரவேணும். நான் கையெழுத்து வைச்சிருக்கிறன்" என்றேன்.

"ஓம் ரீச்சர். நான் ஒண்டும் கேட்கேல்லை" என்றாள்.

பேணியைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது தம்பியிடம் நடந்ததைச் சொன்னேன். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. அவன் பிட்டைக் குழைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான்.

"எல்லாத் தாய்மாரும் கேட்டிட்டினம், அக்கா" என்றான். "ஒருத்தரும் வாயாலை கேட்கேல்லை. பிள்ளையளின்ரை பயணப் பையளைக் கல்லூரியிலை கொண்டந்து வைச்சிருக்கினம். தூக்கிப் பார்த்தனான். ஒரு கிழமைப் பயணத்துக்கு அவ்வளவு பாரம் வராது."

"அப்ப என்ன செய்யப்போறாய்?"

"கொண்டுபோறதைக் கொண்டந்து குடுக்கிறதுதான் எனக்குத் தெரிஞ்ச வேலை."

அதுதான் சரி என்று சொன்னேன். அவன் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டான்.

கொழும்பில் நடந்ததைத் தம்பி எனக்குச் சொன்னதில்லை. கூடப்போன சீவரத்தினம் மாஸ்ரர்தான் சொன்னார். கிளாலியில் வள்ளம் ஏறி, வவுனியாவில் ரெயில் ஏறி, மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார்கள். ஊரில் வருடக்கணக்காக மின்சாரம் காணாத பிள்ளைகள் மின்விளக்கைப் போட்டு நிற்பாட்டி, போட்டு நிற்பாட்டி விளையாடினார்களாம். ஆட்டத்தில் எங்கள் பெடியள் நல்ல விளையாட்டு. இடைவேளைவரை சிமியோனைத் தாண்டி ஒன்றும் போகவில்லை. இரண்டாம் பாதியில், இரத்மலானைக்கு இறங்குகிற ஒரு விமானம் மைதானத்துக்கு மேலாகத் தாழ்ந்து வந்திருக்கிறது. சாதாரணப் பயணிகள் விமானம். நீண்ட விசில் ஒன்று கேட்டது. எங்கள் பிள்ளைகள் அவ்வளவு பேரும், ஓடியவன் ஓடிய இடத்தில், நின்றவன் நின்ற இடத்தில், புல்லில் குப்புற விழுந்து காதைப் பொத்திக்கொண்டார்கள். ஊதியது தேவராசா. கோட்டுக்கு வெளியே அவனும் குப்புறக் கிடந்தான். எதிரணிப் பிள்ளைகள் விளங்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவர்களில் ஒருவன் நடந்துபோய், சொந்தமில்லாத ஒன்றைத் தொடுவதுபோலப் பந்தை மெல்லத் தட்டிவிட, அது கிடந்த சிமியோனைக் கடந்து உள்ளே போனது. நடுவர் கோல் கொடுத்தார். பார்க்க வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு மூலையில் இருந்தவர்கள் மட்டும் சிரிக்கவில்லை. அவர்கள் வெள்ளவத்தையிலிருந்து வந்த எங்கள் ஆட்கள்.

அந்த மூலையில்தான் சிமியோனின் தாய்மாமனும் இருந்திருக்கிறார். ஆட்டம் முடிந்ததும் நேரே தம்பியிடம் வந்தார். தங்கியிருந்த இடத்தின் வாசலிலும் மறுநாள் காலை வந்து நின்றார். பெடியளை வானில் ஏற்றும்போது சிமியோனின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டார். மற்றக் கையைத் தம்பி பிடித்தான்.

"மாஸ்ரர், நேற்று நீங்களும் கண்டனீங்கள்தானே" என்று அந்த மனிதர் மெதுவாகச் சொன்னாராம். "உந்தப் பிள்ளையளையோ திருப்பிக் கொண்டுபோகப் போறியள்?"

சிமியோன் இருவருக்கும் நடுவே நின்று தம்பியின் முகத்தையே பார்த்தான். "சேர், மாமா கூப்பிடுறார்" என்றான். கேட்டவர்களுக்கு அது கேள்வியோ கெஞ்சலோ என்று தெரியவில்லை என்றார் சீவரத்தினம்.

"உன்னை என்னட்டைத் தந்தது உன்ரை அம்மா. அவவின்ரை கையிலைதான் குடுப்பன்" என்றான் தம்பி.

மாமன் கையை விட்டுவிட்டார். மற்றப் பெடியள் எல்லாரும் வான் கண்ணாடியூடாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு கிளாலிவரை ஒருவனும் ஒரு பாட்டுப் பாடவில்லை.

திரும்பி வந்த அன்று தம்பி வழக்கம்போல வீடு வீடாகப் போனான். சில தாய்மார் பிள்ளையைக் கட்டிப்பிடித்து அழுதார்களாம். அது சந்தோசம் என்று சொல்ல முடியாது. மக்டலீன் படலையைத் திறந்து மகனைப் பார்த்தாள், மகனின் கையிலிருந்த பையைப் பார்த்தாள். "கொண்டந்திட்டியளோ, மாஸ்ரர்" என்றாள். நான் மறுநாள் பாஸ் கந்தோருக்குப் போய் எல்லாரும் வந்துவிட்டதைத் தெரிவித்தேன். அந்தப் பொடியன் அன்றைக்கு எழும்பி எனக்குக் கதிரை தந்தான். நான் இருக்கவில்லை. வீட்டைக் காப்பாற்றத்தான் தம்பியும் தமக்கையும் சேர்ந்து பிள்ளைகளைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள் என்று சிலர் கதைத்தார்கள். அவர்களுக்கு எண்பத்துமூன்று தெரியாது. வாக்கு என்றால் என்னவென்றும் தெரியாது.

சித்திரையில் மறுபடி சண்டை தொடங்கியது. ஆடி ஆவணியில் ஷெல் விழாத நாள் இல்லை. குருநகரில் கடலுக்குப் போகத் தடை. சனத்துக்குச் சாப்பிட ஒன்றும் இல்லை. சிமியோன் முழங்காலளவு தண்ணீரில் நின்று கரைவலைக்காரருக்கு உதவி செய்து கொஞ்ச மீன் கொண்டுவருவானாம். ஒருநாள் பயிற்சிக்கு அவன் வரவில்லை. கரையில் விழுந்த ஷெல் எந்தப் பக்கத்திலிருந்து வந்ததென்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார்கள். தம்பி சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அவன் போவதற்கு முன்னரே கரையிலிருந்தவர்கள் பெடியனைத் தூக்கிப்போய் வீட்டில் வைத்துவிட்டார்கள்.

செத்தவீட்டுக்கு நான் போனேன். போவது எங்கள் கடமை. அந்த வீட்டுக்குள் நான் அதுவரை கால் வைத்ததில்லை. பெட்டி மூடியிருந்தது. பெண்கள் எனக்கு வழிவிட்டுக் கதிரை போட்டார்கள். அவர்களுடைய பாத்திரத்தில் குடிக்காத எங்கள் வீட்டு வழக்கம் தெரிந்த ஒருத்தி இளநீர் ஒன்றைச் சீவி, பாத்திரத்தில் ஊற்றாமல் அப்படியே கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். தம்பி உள்ளே வரவில்லை. எந்நாளும் நிற்கிற படலையிலேயே சைக்கிளைப் பிடித்தபடி நின்றான். மக்டலீன் பாயில் இருந்தாள். அழுகை முடிந்த முகம். என்னைக் கண்டதும் எழும்ப முயன்றாள், நான் வேண்டாமென்றேன். அவள் என் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். எல்லாரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்கடை கையெழுத்துக்கு ஒரு பழுதும் வரேல்லை, ரீச்சர்" என்றாள்.

அதில் குத்தல் இருந்ததாக எனக்குப் படவில்லை. இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கையை விடுவித்துக்கொள்ளவும் தோன்றாமல் இருந்தேன். சுவரோரத்தில் அந்தப் பயணப் பை கிடந்தது. மாசியில் கட்டியது கட்டியபடி, அதே கயிற்று முடிச்சோடு இருந்தது. அதற்குள் புதுக் காற்சட்டையும், ஞானஸ்நானப் பத்திரமும், ஒரு குளிர்ச்சட்டையும் இருந்ததாகப் பிறகு யாரோ சொன்னார்கள். யாழ்ப்பாணத்தில் குளிர்ச்சட்டை போட ஒரு நாளும் வராது.

மறுநாள் தம்பி மேற்கு அறையில் இருந்து பந்துகளை ஒவ்வொன்றாக மடியில் வைத்து ஊசியால் காற்றை இறக்கினான். நான் குசினி அடுப்படியில் நின்று அந்தச் சீறலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இறக்கிய பந்துகளை மடித்துச் சாக்கில் கட்டி முகட்டு வளையில் ஏற்றி வைத்தான். விசிலை மட்டும் கழுத்திலிருந்து கழற்றவில்லை. அதை ஊதவும் இல்லை.

ஐப்பசி முடிவில் இராணுவம் நெருங்கிவர, எங்கள் வலிகாமப் பகுதி முழுவதையும் இயக்கம் வெளியேறச் சொன்னது. நான் வீட்டைப் பூட்டினேன். படலையையும் பூட்டினேன். தகரப் பெட்டிக்குள் உறுதியையும் ஐயாவின் படத்தையும் இரண்டு சேலைகளையும் வைத்து, தம்பியின் சைக்கிள் கரியரில் கட்டினேன். விடியும்போது நாங்கள் செம்மணி வெளியில் நின்றோம். மழை. முன்னாலும் பின்னாலும் கண்ணெட்டும் தூரத்துக்குத் தலைகள். ஓர் அடி வைத்தால் ஒரு நாழிகை நிற்கவேண்டியிருந்தது. சாவியை நான் சேலைத் தலைப்பில் முடிந்திருந்தேன்.

எங்களுக்குச் சற்று முன்னால் மக்டலீன் போய்க்கொண்டிருந்தாள். தனியே. அந்தப் பையைத் தலையில் வைத்திருந்தாள். நனைந்து பாரமாகியிருக்க வேண்டும், கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. தம்பி அவளைக் கண்டதும் நின்றான். சனத்தை விலக்கிக்கொண்டு சைக்கிளை அவளருகே தள்ளிப்போனான். நானும் பின்னால் போனேன்.

"உங்களோடை ஆர் வந்தது?" என்று கேட்டான்.

"ஆர் இருக்கினம், மாஸ்ரர்" என்றாள் அவள்.

தம்பி கரியர்க் கயிற்றை அவிழ்த்தான். என் பெட்டியை எடுத்து, என் முகத்தைப் பார்க்காமல் என் கையில் தந்தான். அவளுடைய தலையிலிருந்து பையை இறக்கிக் கரியரில் வைத்துக் கட்டினான். பிறகு அவளை முன்னால் போகவிட்டு, பெடியளை வீட்டுக்குக் கொண்டுபோகும்போது போவானே, அதே மாதிரி, ஒரு சைக்கிள் தூரம் பின்னால் நடந்தான். அவர்களுக்கும் எனக்கும் இடையில் ஒரு குடும்பம் புகுந்தது, பிறகு ஒரு மாட்டுவண்டி. பெட்டி என் விரல்களை அறுத்தது. நான் அதைத் தூக்கித் தலையில் வைத்தேன். விதானையார் வீட்டில் யாரும் தலையில் சுமை வைத்ததில்லை. மழைத்தண்ணீர் பெட்டியின் விளிம்பால் வடிந்து கண்ணுக்குள் இறங்கியது. குனிந்தால் பெட்டி விழுந்துவிடும். அதனால் நிமிர்ந்தபடியே, தூரத்தில் அசைந்துகொண்டிருந்த அந்தக் கயிற்று முடிச்சைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.